ஊர் கொடுத்த சோபா

சோபா வாசலில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

"சரிச்சுத் தள்ளு மக்கா!" என்று அம்மா முத்துக்கனி மூச்சு வாங்கினாள். அம்மாவோடு சேர்ந்து அடுத்த வீட்டு பிரிஜா மாமி தூக்க, பின்னாலிருந்து அபினா முட்டித் தள்ளினாள்.

அபினாவின் அக்கா சுபிதாவுக்கு நாகர்கோவிலில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. தென்னை ஏறும் அப்பாவால் அவ்வளவு பணம் கட்ட முடியாது. அக்கா ஓர் அறக்கட்டளையில் உதவி கேட்டிருந்தாள். வீட்டைப் பார்க்க அங்கிருந்து இன்று ஆள் வருகிறார்.

வீட்டுக்கு ஆள் வந்தால் அம்மாவுக்குத் தலைகால் புரியாது. சோபாவுக்குப் பின்னால் எதிர்வீட்டுக் கண்ணாடி மேசை இரவலாக வந்தது. அப்புறம் ஃபேன், மிக்சி.

"மிக்சி எதுக்கும்மா? அவங்க தேங்கா அரைக்கவா வாறாவ?" என்றாள் அபினா.

"சும்மா கிட ஏட்டி! வீடு பாக்க வாறவங்கள ஒடஞ்ச நாற்காலியிலயா இருத்த முடியும்?"

வந்தவர் ஷாஜிதா பேகம். சோபாவில் அமர்ந்து, ஃபேனைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், மிக்சியையும் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"வீட்டுல எல்லா வசதியும் இருக்கே. ஒண்ணுமில்லாத பிள்ளைங்களுக்குத்தானே நாங்க முதல்ல கொடுக்கணும்?"

சுபிதாவின் கண்கள் கலங்கின.

உண்மையைச் சொன்னால் அம்மாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் அக்காவின் படிப்பு போகும். அபினா யோசித்தாள். பிறகு ஷாஜிதாவின் அருகில் போய் நின்றாள்.

"மாமி, இந்த சோபா பிரிஜா மாமிக்க வீட்டுல உள்ளது. குனிஞ்சு நிமிந்தா நடுவு வலிக்கும்னு மாமி சொல்லுவாவ, ஆனாலும் அக்காவுக்காகத் தூக்கிட்டு வந்தாவ. மேசை எதிர்த்த வீட்டுல தந்தாவ. ஃபேனும் மிக்சியும் மேலத்தெருவுல தந்தாவ. எங்க அக்கா படிக்கணும்னு எல்லாருக்கும் ஆசை."

ஷாஜிதா சோபாவின் கையை மெல்லத் தட்டிப் பார்த்தார். சிரிப்பு பொங்கி வந்தது.

"அப்போ உங்க வீட்டுச் சாமான் எங்க மோளே?"

அபினா அடுக்களைக்கு ஓடினாள். கால் விரிந்து, கயிறு சுற்றிய பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள்.

"அம்மா ஒளிச்சு வச்சிருந்தாவ."

"ஏட்டி!" என்று அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

ஷாஜிதா சோபாவிலிருந்து எழுந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது கிரீச்சென்றது, ஆனால் தாங்கியது. பேனாவைத் திறந்து வெகுநேரம் எழுதினார்.

"சுபிதா, காலேஜுக்குப் போக ரெடியாகு. இவ்வளவு பேர் நம்புற பிள்ளைக்குக் கொடுக்காம வேற யாருக்குக் கொடுக்க?"

சுபிதா ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டாள். அம்மா அழுதாளா சிரித்தாளா என்று அபினாவுக்கே தெரியவில்லை.

அப்போது பிரிஜா மாமியின் மகன் ரெஜின் வாசலில் வந்து நின்றான்.

"முத்துக்கனி மாமி, சோபா எப்போ தருவிய? அப்பா உறங்க இடமில்லாம வீட்டைச் சுத்திச் சுத்தி வாறாரு!"

ஷாஜிதா பேனாவைப் பையில் போட்டார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார்.

"வாசல்ல மாட்டும் மாமி," என்றாள் அபினா. "சரிச்சுத் தள்ளணும்."