கிழித்துப் போட்ட வசனம்

மதியம் ஒரு மணிக்கு நடிகன் ஜாஸ்பர், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் இருந்த நாடகக் கொட்டகைக்குள் நுழைந்தபோது ஈர வைக்கோல் நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. ஆட்டம் தொடங்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மந்திரவாதி வேடம் கட்டிவந்த கிழவர் ஃப்ரோம் மூன்று நாள் முன்பு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வேடம் இனி ஜாஸ்பருக்கு.

நாடக ஏட்டைக் காக்கும் டான்ஸ்லி ஒரு காகிதச் சுருளை நீட்டினார். முழு நாடகத்தையும் எந்த நடிகனுக்கும் கொடுக்கிற வழக்கமில்லை. அவனவன் வசனமும், அதற்கு முன் அடுத்தவன் பேசி முடிக்கும் கடைசி இரண்டு சொல்லும்தான் கிடைக்கும்.

"என்னண்ணே, பாதி வார்த்தை புரியவே இல்லையே!"

"எல்லாம் தாத்தன் பாட்டன் காலத்துப் பேச்சு. அர்த்தம் கேக்கவா ஜனங்க வர்றாங்க? சத்தமாச் சொல்லு, போதும். குளிர்காலம், சீக்கிரம் இருட்டிடும், அதுக்குள்ள ஆட்டத்தை முடிக்கணும். அதான் கடைசி வசனத்தை ஏட்டுலேர்ந்து கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன்."

"எந்த வசனம்?"

"வந்ததைத் திருப்பி அனுப்புற வசனம். வளவளன்னு நாற்பது வரி!"

ஜாஸ்பர் சிரித்துக்கொண்டே மேடையில் மந்திரவாதிக்காக வரைந்திருந்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் நின்று, பேயை அழைக்கும் வசனத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பொருள் தெரியாத அந்தப் பழஞ்சொற்கள் நாக்கில் கனத்தன.

மேடைக்கு அடியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பிறகு இரண்டு சொற்கள் கேட்டன. அவை அவன் சுருளில் இல்லை. அடுத்தவன் பேசி முடித்து, இவன் பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது.

வெளியேறக் காலை எடுத்தான். கால் வட்டத்தின் கோட்டைத் தாண்டவில்லை.

"அண்ணே, என்னால வர முடியல."

"நடிப்பெல்லாம் ரெண்டு மணிக்கு வச்சுக்கடா."

"சத்தியமா முடியலண்ணே!"

டான்ஸ்லி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். அறைந்த ஆணி போல அவன் நின்றான். அடியிலிருந்து மறுபடி அதே இரண்டு சொற்கள். இம்முறை பலகைக்கு மிக அருகில்.

"ஐயோ, அந்த வசனத்தைச் சொல்லுங்கண்ணே!"

"எனக்கு ஒரு வரிகூட ஞாபகம் இல்லையே, பாவி நான்! ஃப்ரோமுக்கு மட்டுந்தான்டா அது மனப்பாடம்."

அப்போது கீழிருந்து ஃப்ரோமின் கரகரத்த குரல் கேட்டது.

"பயப்படாதே மகனே. நான் எடுத்துக் கொடுக்கிறேன், திருப்பிச் சொல்லு."

ஜாஸ்பருக்கு அழுகையே வந்துவிட்டது. செத்தவரானாலும் நம்ம ஆள் அல்லவா? ஒவ்வொரு சொல்லாக வாங்கிச் சொன்னான். எதற்கும் பொருள் தெரியவில்லை.

கடைசிச் சொல்லில் கால்கள் லேசாயின.

பிறகு ஒரே இருட்டு. ஈர மண்ணின் வாடை. தலைக்கு மேலே பலகைகள்.

பலகை இடுக்கில் அவனுடைய பூட்சுகள் கோட்டைத் தாண்டிப் போவது தெரிந்தது. டான்ஸ்லி விம்மிக்கொண்டே யாரையோ கட்டிப்பிடித்தார். ஜாஸ்பர் தொண்டை கிழியக் கத்தினான், கைகளால் பலகையைப் பிறாண்டினான்.

"கீழ என்னடா சத்தம்?" என்றார் டான்ஸ்லி.

மேலே, அவர் பக்கத்திலிருந்து ஜாஸ்பரின் குரலே பதில் சொன்னது.

"எலியா இருக்கும்ண்ணே. வாங்க, பசி உயிர் போகுது."