பின் சீட்டில் மாப்பிள்ளை

பின் சீட்டில் பிணம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் மஃப்ளர். பார்ப்பவர்கள் தூங்குகிறார் என்றுதான் நினைக்க வேண்டும்... அப்படி ஜோடித்திருந்தார் ஆதிமூலம். மாமனார் மருமகனுக்குச் செய்த கடைசி மரியாதை.

வருஷம் 1958. விடியலில் புதுச்சேரியை விட்ட பழைய பெஜோ கார், ஏற்காட்டு மலைப்பாதையில் முக்கி முனகி ஏறியது. ஓட்டியவன் ஆதிமூலத்தின் மகன் கன்னியப்பன். டாக்சி டிரைவர்.

"நைனா... அவன் தலை ஆடுது."

"வளைவுல ஆடத்தான் செய்யும். ரோட்டப் பாரு."

"முதுகுக்குப் பின்னால உக்காந்து என்னையே பாக்கற மாதிரி இருக்கு."

"அதுக்குத்தான கண்ணாடி மாட்டியிருக்கேன். ஓட்டுடா."

பிணத்தின் பெயர் வேம்பு. ஆதிமூலத்தின் மகள் வசந்தாவைக் கட்டிய புண்ணியவான். பிரெஞ்சுக்காரன் காலத்துக் குமாஸ்தா. பிரெஞ்சு படித்த திமிர் ஒரு பக்கம், குடித்தால் நீளும் கை இன்னொரு பக்கம். போன வாரம் வசந்தாவின் கை ஒடிந்தது.

அன்றைக்குத்தான் ஆதிமூலம், தான் வேலை பார்க்கும் மில் கிடங்கிலிருந்து ஒரு பாட்டிலைத் தூக்கி வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. கன்னியப்பனுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். லேபிளில் முன்னால் இருந்தது புரியவில்லை. கடைசி வார்த்தை புரிந்தது.

"பாய்சன் நைனா. விஷம்."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்... விதி!

'ஏற்காடு போய் வரலாம்' என்றதும் வேம்பு குஷியாக ஏறிக்கொண்டான். காரிலேயே பிராந்தி. பிராந்தியிலேயே மில் பாட்டில். ஆத்தூர் தாண்டியதும் சரிந்துவிட்டான். பாக்கி இருந்தது ஒரு வளைவு, ஒரு தள்ளு. போதையில் கதவைத் திறந்து விழுந்தான் என்று ஊர் நம்பிவிடும்.

"நிறுத்து. இங்க பள்ளம் ஆழம்."

ஆதிமூலம் இறங்கினார். பின் கதவைத் திறந்தார். வேம்புவின் தோளில் கை வைத்தார்.

கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்னா நைனா?"

"கல்யாணத்தன்னிக்கு இந்தத் தோள்லதான்டா மாலை போட்டேன்." ஆதிமூலத்தின் குரல் உடைந்தது. "பாவம் பண்ணிட்டேன்டா. ஆயுசுக்கும் தீராத பாவம்."

"நான்தான் பாவி. நான் படிச்சிச் சொன்னதாலதான..."

"நீ எதையும் படிக்கல. உனக்கு ஒண்ணும் தெரியாது. யாரு கேட்டாலும் அதான் பேச்சு. தூக்கு எனக்கு வரட்டும். வசந்தாவுக்கு நீ வேணும்."

"உன்னத் தூக்குக்கு அனுப்பிட்டு எனக்குச் சோறு எறங்குமா?"

பின்னால் ஜீப் ஒன்று வந்து நின்றது. மதுவிலக்குப் போலீஸ்...

ஏட்டு இறங்கினார். மூக்கை உறிஞ்சினார்.

"பாண்டிச்சேரி வண்டி. வாசனையும் பாண்டிச்சேரி வாசனை. யார்யா உள்ள?"

"மாப்பிள்ளைங்க. தூங்கறாரு."

"எழுப்பு."

கன்னியப்பன் காரிலிருந்து இறங்கி வந்தான். அதற்கு மேல் தாங்கவில்லை.

"எழுப்ப முடியாதுங்கய்யா. செத்துட்டான். என் தங்கச்சி கைய ஒடிச்சான்... நான்தான் விஷம் வச்சேன்."

"பொய் சொல்றாங்கய்யா. வச்சது நான்."

"நான்தாங்கய்யா!"

கொலையிலிருந்து நழுவுகிறவர்களை ஏட்டு நிறையப் பார்த்திருக்கிறார். கொலைக்குச் சொந்தம் கொண்டாடி அடித்துக்கொள்கிறவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"என்ன விஷம்?"

கன்னியப்பன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான்.

அப்போது...

பிணம் ஏப்பம் விட்டது!

அடுத்த நொடி கதவுக்கு வெளியே குனிந்து, ஏட்டின் பூட்ஸ் மேலேயே வாந்தி எடுத்தது. மீன் நாற்றம் மலையைத் தூக்கியது.

"எவன்டா... பிராந்தியில... மீன் எண்ணெய ஊத்துனது?" குழறினான் வேம்பு.

"மீன் எண்ணெயா? அப்ப இது என்ன?" ஏட்டு பாட்டிலை நீட்டினார்.

வேம்பு கண்ணாடியைக் கழற்றிவிட்டு லேபிளை உற்றுப் பார்த்தான். அந்த நிலையிலும் படித்த திமிர் போகவில்லை.

"யுய்ல் து புவாஸோன். மீன் எண்ணெய். மில்லுல தோல் பெல்ட்டுக்குப் பூசறது. பிரெஞ்சுல விஷத்துக்கு ஒரு எஸ், மீனுக்கு ரெண்டு எஸ். இதுகூடத் தெரியல, இவன்லாம் எனக்கு மச்சான்."

கன்னியப்பன் லேபிளைப் பார்த்தான். ரெண்டு எஸ். ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். ஆதிமூலம் பள்ளத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

வேம்புவுக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது.

"ஏட்டய்யா, இவனுங்க என்னைக் கொல்லப் பாத்திருக்கானுங்க. புடிச்சி உள்ள போடுங்க."

"மீன் எண்ணெய் குடுத்தா எந்தச் செக்‌ஷன்யா? எங்க ஊரு டாக்டர் அதைத்தான் தினம் ரெண்டு ஸ்பூன் குடுக்கறாரு." ஏட்டு விலங்கை எடுத்தார். மாட்டியது வேம்புவின் கையில். "சென்னை ராஜ்யத்துல குடிச்சதுக்கு மட்டும் செக்‌ஷன் இருக்கு. பொண்டாட்டி கை கூடுற வரைக்கும் உள்ள இரு."

"ஐயா, தப்பு எங்களுதுங்க..." ஆதிமூலம் பின்னாலேயே ஓடினார். "எங்களுக்கும் ஏதாச்சும் தண்டனை குடுங்கய்யா. இல்லன்னா தூக்கம் வராதுங்க."

ஜீப்பில் ஏறிய ஏட்டு திரும்பிப் பார்த்தார்.

"தூக்கம் வராம கெடங்க பெரியவரே, அதான் தண்டனை. இப்ப பத்திரமா எறங்குங்க. ஆனா ஒண்ணு... வழியில கைகாட்டி போர்டு எதையும் உங்க புள்ளயப் படிக்க விடாதீங்க. பாண்டிச்சேரின்னு சொல்லி நேரா கடலுக்குள்ள கொண்டுபோய் விட்டுடுவான்."