காருக்குள் யார் செய்த ஈரம்?

“ஐயய்யோ!”

அம்மா போட்ட சத்தத்தில் அப்பா சடாரென்று பிரேக்கை மிதித்தார். பின்சீட்டில் இருந்த மகள் கொக்கியின் கணக்கு நோட்டு எகிறிக் கீழே விழுந்தது.

காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள்வது அம்மாவின் வழக்கம். அன்று நீட்டிய கால் சொதசொதவென்று எதிலோ பதிந்தது.

“கீழே எல்லாம் ஈரம்ங்க! விரிப்பு ஊறிப்போய்க் கிடக்கு!”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பஞ்சுவைப் பார்த்தார்கள்.

பஞ்சு, கொக்கியின் தம்பி. நான்கு வயது. புசுபுசுவென்ற கன்னத்தால் வந்த பெயர் அது. முந்தின நாள் சாயங்காலம், நின்றிருந்த காரில் முன்சீட்டில் ஏறி, ‘டுர்ர்ர்’ என்று வண்டி ஓட்டி விளையாடியது அவன்தான்.

“நான் இல்ல,” என்றான் பஞ்சு.

“பின்ன யாரு உச்சா போனது? காருக்குள்ள மழையா பெய்யுது?” என்றார் அப்பா.

கொக்கிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பஞ்சு சிரிக்கவில்லை. முகம் சிவக்க, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்காலம் அப்பா விரிப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பழைய துணிகளால் ஒற்றி ஒற்றி எடுத்தார். மறுநாள் காலை, பின்சீட்டில் பஞ்சு உட்காரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தது. அவன் அசையும்போதெல்லாம் அது ‘சரக் சரக்’ என்றது.

குளிராக இருந்ததால் ஜன்னல்களை மூடிவிட்டு அப்பா ஹீட்டரைப் போட்டார். முன்கண்ணாடியில் புகைபோல ஏதோ படிந்தது. துணியால் துடைத்தார். துடைத்த இடம் எண்ணெய் தடவியதுபோல் பிசுபிசுத்தது.

பாதி வழியில் அம்மா மறுபடியும் அலறினாள். “திரும்பவும் ஈரம்!”

எல்லோரும் பஞ்சுவைப் பார்த்தார்கள். அவன் பெல்ட்டுக்குள் கட்டுண்டு, தாளின் மேல் அசையாமல் இருந்தான்.

“அப்பா, இவன் பின்னாடி இருக்கான். ஈரம் முன்னாடி இருக்கு. எப்படி?” என்று கேட்டாள் கொக்கி.

“நேத்தைய ஈரம் காயலை, அவ்வளவுதான். நீ ஆரம்பிக்காதே!”

ஒரு கேள்வியைப் பிடித்தால் விடமாட்டாள் என்பதால்தான் அவளுக்குக் கொக்கி என்று பெயர். அப்பாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் கொக்கி இருவரின் பைகளையும் காலி செய்தாள். பஞ்சுவின் தண்ணீர் பாட்டில் கனத்தது. மூடியைத் திறந்தாள். அம்மா காலையில் ஊற்றியது ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

“பஞ்சு, நீ தண்ணியே குடிக்கலையா?”

“நேத்தும் குடிக்கல,” என்றான் மெதுவாக. “குடிச்சா எல்லாரும் என்னைச் சொல்லுவீங்க.”

கொக்கி அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். அவன் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. நேற்று தான் சிரித்தது ஞாபகம் வந்தது.

“இப்ப குடி. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் பாத்துக்கறேன்.”

அவன் இரண்டே மடக்கு குடித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் விடுமுறை. கொக்கி முன்சீட்டில் அம்மா கால் வைக்கும் இடத்தில் வெள்ளைக் காகிதங்களைப் பரப்பினாள்.

“அப்பா, ஹீட்டரைப் போட்டு, தெருவை நாலு சுத்து சுத்திட்டு வாங்க. பஞ்சு என்கூட இங்கேயே நிப்பான். அம்மா, நீங்களும் பாருங்க.”

“விடமாட்டா இவ!” என்று முனகிக்கொண்டே அப்பா கிளம்பினார்.

திரும்பி வந்து கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். காகிதத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். பளீரென்ற பச்சை நிறம்!

“பச்சையா உச்சா போக இவன் என்ன வெட்டுக்கிளியா?” என்றாள் கொக்கி.

“மிட்டாய் வாசனை!” என்று பஞ்சு விரலால் அதைத் தொட்டு வாயருகே கொண்டுபோனான்.

அப்பா பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். “வைக்காதே! விஷம் அது! கூலன்ட்!”

அம்மா பஞ்சுவின் கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள்.

அப்பா போன் செய்ததும் தெருமுனை மெக்கானிக் அக்கா, “வண்டியை அசைக்காதீங்க, நான் வர்றேன்,” என்றாள். பையோடு வந்து, இன்ஜின் ஆறும்வரை கூலன்ட் தொட்டியின் மூடியைத் தொடவே இல்லை. பிறகு திறந்து பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

“இது இன்ஜினைச் சுத்தி வந்து சூட்டை வாங்கிக்கும். ஹீட்டருக்கும் இதுதான் போகுது. இப்படியே ஓட்டியிருந்தா ரெண்டு நாள்ல இன்ஜின் வெந்திருக்கும்!”

அப்பா திரும்பிப் பஞ்சுவைப் பார்த்தார்.

அக்கா தொட்டியில் ஒரு கை பம்பை மாட்டிக் காற்றடித்தாள். பம்பில் இருந்த, காற்றழுத்தம் காட்டும் முள் ஏறியது. ஏறிய முள் மெல்ல இறங்கியது.

“எங்கேயோ ஒழுகுது. எனக்கு டார்ச் பிடிக்கிறது யாரு?”

கொக்கி முன்சீட்டுக்கு முன்னால் குனிந்து வெளிச்சம் அடித்தாள். பஞ்சு அவள் தோளுக்கு அடியில் தலையை நுழைத்தான்.

“அதோ! சொட்டுது!” என்று கத்தினான்.

ஹீட்டருக்குள் போகும் குழாயின் இணைப்பில் பச்சைச் சொட்டு ஒன்று திரண்டு விழுந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் நைந்துபோயிருந்தது. அக்கா புது வளையமும், குழாயை இறுக்கும் புதுப் பட்டையும் போட்டு முடுக்கினாள். புதுக் கூலன்ட் ஊற்றி மறுபடியும் காற்றடித்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார்கள். அது நின்ற இடத்திலேயே நின்றது.

அப்பா பின்கதவைத் திறந்தார். பிளாஸ்டிக் தாளை உருவிச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பஞ்சுவின் முன்னால் மண்டியிட்டார்.

“நீ இல்லன்னு சொன்னே. நாங்க கேக்கல. தப்பு எங்க மேலதான்டா.”

“நானும் சிரிச்சேன். சாரிடா,” என்றாள் கொக்கி.

பஞ்சு யோசித்தான். “சரி,” என்றான்.

அம்மா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். பஞ்சு முதலில் கொக்கியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் மடக் மடக்கென்று குடித்து முடித்து, காலி டம்ளரை அம்மாவிடம் நீட்டினான்.

“இன்னொண்ணு!”