எட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில்

“ஐயோ, கிழிக்காதீங்க!”

“கிழிச்சாத்தான் சார் பார்சல் உங்க கைக்கு வரும். பாதி லேபிள் எங்களுக்கு.”

“அந்த நம்பரைப் பாருங்க... 73939133. பகா எண்! ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் மிச்சமில்லாம வகுக்க முடியாது. கடைசி இலக்கத்தை எடுத்துடுங்க, அப்பவும் பகா எண். இப்படியே எடுத்துட்டே வாங்க... ஏழு மட்டும் மிஞ்சுற வரைக்கும் அப்படித்தான்.”

“எடுக்கறது இருக்கட்டும். பின்னால ஒண்ணு சேர்த்தா?”

“போச்சு! எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் உடைஞ்சிடும்.”

மூன்று மாதத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு, தபால் கவுண்டரில் வேலை பார்க்கும் அவளுக்கு இன்னும் மனப்பாடம். அன்று அந்தக் கணக்கு வாத்தியார் முழு லேபிளையும் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பார்சலைக் கவுண்டரிலேயே மறந்துவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். மழை வழிந்த கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள்... சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு! அலுவலகத்தில் அவருக்கு அன்றே ‘லேபிள் சார்’ என்று பெயர் விழுந்தது.

வாரம் தவறாமல் வந்தார். வாரம் தவறாமல் அவள் பயந்தாள்.

ஒருநாள் வீட்டில் கால்குலேட்டரை எடுத்துப் பார்த்தாள். அந்த எண்ணின் கடைசி இலக்கமாக ஒன்றைச் சேர்த்தாள், மூன்றால் வகுபட்டது. ஏழைச் சேர்த்தாள், அதுவும் மூன்றால் வகுபட்டது. அதற்குமேல் பார்க்கத் தைரியமில்லை. அடுத்த அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு வலிப்பு வரும் என்று தெரிந்ததும், பெண் பார்த்துவிட்டுப் போன இரண்டு வீட்டாரும் திரும்பி வரவேயில்லை. அவளும் அம்மாவும் மட்டும் இருக்கும்வரை எதுவும் உடையாது. இன்னொருவர் சேர்ந்தால்...?

இன்று வெளியே அதே மழை. அவர் நீட்டியது முகவரி மாற்றும் படிவம்.

“வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. திங்கட்கிழமை சேரணும்.”

அவள் முத்திரையைத் தலைகீழாகக் குத்தினாள்.

“சார்... தற்காலிகமா, நிரந்தரமான்னு ரெண்டு கட்டம் இருக்கே. ரெண்டையும் காலியா விட்டிருக்கீங்க.”

“தெரியலைங்க. வாசல்ல அரைமணி நேரம் நின்னேன். எதை டிக் பண்றதுன்னு... பயமா இருந்துச்சு.”

“உங்களுக்கா? அவ்வளவு பெரிய நம்பருக்கே பயப்படாதவரு!”

“நம்பர் திருப்பி ஒண்ணும் சொல்லாதுங்க. நீங்க முடியாதுன்னு சொல்லிட்டா?”

அவள் பேனா மூடியைத் திறந்தாள், மூடினாள். அம்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டால் இவரும் படியிறங்கிவிடுவார். சொல்லாவிட்டாலும் திங்கட்கிழமை போய்விடுவார்.

“எங்கம்மாவுக்கு வலிப்பு வரும் சார். மாசத்துல ரெண்டு தடவை. நான் எங்க போனாலும் அவங்களும் வருவாங்க. இதைக் கேட்டுட்டு இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்ததில்லை.”

அவர் நகரவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பழைய லேபிளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். மடிப்பு மடிப்பாக, ஓரம் நைந்து...

அவள் அந்த எட்டு இலக்கத்தையே பார்த்தாள்.

“இதோட ஒட்டிச் சேர்த்தாத்தானே உடையும்? கொஞ்சம் இடம் விட்டு, பக்கத்துல இன்னொரு எண்ணை எழுதினா?”

“ரெண்டும் முழுசா இருக்கும்.”

முத்திரையைக் கீழே வைத்தாள். மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்திருந்ததை ஒருவழியாகக் கேட்டேவிட்டாள்.

“அப்போ... போகாதீங்க. எங்க ரெண்டு பேர் பக்கத்துல வந்து நில்லுங்களேன்.”