கொலைகாரன் பார்த்த சுத்தம்

"ஐயோ...!"

அலறலில் அந்த திசு வளர்ப்பு லேபே அதிர்ந்தது.

ப்ளூபெரித் துளிர்களை வெட்டிப் பாட்டிலில் வளர்க்கும் கண்ணாடி அறை. முதலாளி வயிற்றைப் பிடித்தபடி தரையில் கிடந்தார். பக்கத்தில் துளிர் வெட்டும் கத்தி... ரத்தத்தோடு!

அலறியது அவர் மனைவி. அவளுக்கு முன்பே அங்கே நின்றவர், அவளுடைய அண்ணன். லேபின் தலைமை விஞ்ஞானி. வாங்கிய பட்டமெல்லாம் சுவர் நிறையத் தொங்கியது. வேலைதான் வரவில்லை. அவர் கை பட்ட பாட்டிலெல்லாம் பூஞ்சை!

"ஏசி மெக்கானிக்தான் மாப்பிள்ளையைக் குத்திட்டு ஓடறான்! நான் கண்ணால பார்த்தேன்!"

ரிப்பேருக்கு வந்த மெக்கானிக் லாக்கப்பில் உட்கார்ந்து அழுதான். முதலாளி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

மூன்றாம் நாள், வழக்கை விசாரிக்கும் பெண் இன்ஸ்பெக்டர் மறுபடி லேபுக்கு வந்தார். கையில் முதலாளியின் நைலான் கோட்டு. அதை அண்ணன், தங்கை இருவர் முன்னாலும் விரித்தார்.

"சார், இந்த ஓட்டையைப் பாருங்க. ஓரமெல்லாம் உருகிக் கருகியிருக்கே... ஏன்?"

"கத்தி... குத்தினதுல..."

"கத்தி கிழிக்கும். கருக்குமா? நீங்க சொல்லுங்கம்மா, இங்க துளிரை வெட்டறதுக்கு முன்னாடி என்ன செய்வாங்க?"

"கிருமி சாகணும்னு கத்தியை ஸ்பிரிட்ல முக்கி, விளக்கு நெருப்புல காட்டி..."

மனைவி பாதியில் நிறுத்தினாள். முகம் வெளுத்தது.

"அண்ணா... நீயா?"

"உளறாதே! அந்த மெக்கானிக்..."

"மெக்கானிக் விளக்கைப் பத்தவச்சு, கத்தியைக் காய்ச்சி, அப்புறம் குத்தினானாக்கும்?" இன்ஸ்பெக்டர் உதட்டைச் சுழித்தார். "அப்போ இந்த ரூம்ல அந்தப் பழக்கம் இருந்த கை உங்களோடதுதான். பூஞ்சைக்காக மாப்பிள்ளை உங்க சீட்டைக் கிழிச்சதும் எனக்குத் தெரியும். கத்தியைக் கையில எடுத்ததும் கை தானா விளக்குக்குப் போயிடுச்சு... இல்ல?"

படித்த மேதை சிரித்தார். கொழுப்பு அப்படி!

"கருகின துணி கோர்ட்ல நிக்காது மேடம். சொல்ல வேண்டியவர் எழுந்திருக்கப் போறதில்ல."

இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. கேட்டார். முகம் மலர்ந்தது.

"எழுந்துட்டார்! முதல்ல சொன்னதே உங்க பேரைத்தானாம். அவ்வளவு ஆழமான குத்துல ஒரு கிருமிகூட இல்லையேன்னு டாக்டருக்கே ஆச்சரியமாம்!"

மனைவி வாய்விட்டு அழுதாள். அழுகை ஓய்ந்ததும் அண்ணன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள்.

விலங்கை மாட்டியபடியே இன்ஸ்பெக்டர் சொன்னார்:

"பாட்டில் பாட்டிலா செடியை அழுகவிட்ட கை... மாப்பிள்ளையை மட்டும் கெடாம காப்பாத்திடுச்சே சார்!"