சொல்லிக்கொண்டு கிளம்பிய வீடு

முன்சீட்டு மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது. சீட் பெல்ட் போடாமல் ஆள் உட்கார்ந்தால் அடிக்குமே, அந்த மணி. டிரைவர் சாம்சன் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அங்கே ஆளுமில்லை, பையுமில்லை. உள்ளங்கையால் சீட்டைத் தட்டினார். மணி அடங்கவில்லை.

"சென்சார் பேஜாரு பண்ணுதும்மா" என்றவர், வெறும் சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது.

பின்சீட்டில் திலகவதி மூச்சு விட்டாள். மடியில் தலை வைத்துப் படுத்திருந்த மகள் தன்ஷிகாவின் நெற்றியிலிருந்து முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி முன்னால் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. பெல்ட் சீட்டோடு படியவில்லை. நடுவில் லேசாக மேடு தட்டி நின்றது. உள்ளே சின்ன உடம்பு ஒன்று சாய்ந்திருந்தால் எப்படி நிற்குமோ அப்படி. புது பெல்ட், விறைப்பாக இருக்கும் என்று அவளாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். பயம் வரும்போது காரணத்துக்கா பஞ்சம்?

இந்த ஒரு நாளுக்காக அவள் எத்தனை மாதம் காத்திருந்தாள். பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் இடிபட்டே வாழ்ந்த குடும்பம். பூநாரை பார்க்கணும், பூநாரை பார்க்கணும் என்று தன்ஷிகா நச்சரித்ததில், அவள் அப்பா அன்புசெல்வன் ஏசி வண்டியாகவே வாடகைக்குப் பேசிவிட்டான். நாள் முழுக்க நம் கூடவே இருக்கும், சொன்ன இடத்தில் நிற்கும், ராஜா மாதிரி தீவைச் சுற்றலாம் என்றான். கடைசியில் கும்மிடிப்பூண்டி மில்லில் மாற்று ஆள் வரவில்லை என்று போன் வந்து, ராஜா டூட்டிக்குப் போய்விட்டார். அம்மாவும் பெண்ணும் மட்டும் கவரைப்பேட்டையிலிருந்து கிளம்பினார்கள்.

சாம்சனுக்கு ஆரம்பாக்கம். ஏரிக்கரையில் வளர்ந்த ஆள். கடலோடு கலக்கும் அந்த ஏரியின் நடுவே இருக்கும் இந்தத் தீவுக்குக் கல்லும் மண்ணும் கொட்டி அடைத்த ஒற்றைக் கரைதான் வழி. கோடையில் வண்டி போகும். சாயங்காலம் கடல் தண்ணீர் ஏறினால் கரை முங்கிவிடும். "பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடணும்மா, அத்தொண்ணுதான்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

பகல் முழுக்க நன்றாகத்தான் போனது. தொலைவில் தண்ணீரும் வானமும் சேரும் இடத்தில் பூநாரைகள் ரோஜா நிறத்தில் கோடு போட்டதுபோல் நின்றன. தன்ஷிகா குதித்த குதியில் வண்டியே ஆடியது. சவுக்குத் தோப்பில் எலுமிச்சை சாதம் சாப்பிட்டார்கள். சாம்சன் சீட்டைச் சாய்த்துக் கண்ணயர்ந்தார். குழந்தை தாகம் என்றது. பாட்டில் காலி. தோப்பைத் தாண்டி ஒரு ஓட்டு வீடு தெரிய, திலகவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஏசியையும் மீறிச் சேற்று நாற்றமும் கருவாட்டு வாடையும் உள்ளே வந்தன. சீமைக்கருவேல முட்கள் வண்டியின் பக்கவாட்டில் கீறும் சத்தம் நகத்தால் தகரத்தைப் பிறாண்டுவதுபோல் நீளமாகக் கேட்டு, நின்று, மறுபடி கேட்டது. இடது பக்கம், வயிறு கிழிந்த பழைய படகு ஒன்று மணலில் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தாண்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி இடது பக்கம், வயிறு கிழிந்த படகு.

"அண்ணா, இதே வழிலதான வந்தோம்?"

சாம்சன் கண்ணாடியைத் தாழ்த்தி வெளியே எட்டிப் பார்த்தார். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. மூன்றாம் தடவையும் அந்தப் படகு வந்தபோது பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினார்.

"பாப்பாவுக்கு எங்கம்மா தண்ணி வாங்கினீங்க?"

"தோப்புக்கு அந்தாண்ட ஒரு ஊடு இருந்துச்சுல்ல? ஒரு அம்மா தனியா உக்காந்திருந்தாங்க. என் வயசுதான் இருக்கும்."

"கங்கம்மா ஊடா!" சாம்சனின் குரல் உடைந்தது. "ஐயோ, நான் தூங்கிட்டேனே. அது சாவு ஊடும்மா. அதோட பொண்ணு, ஒரே பொண்ணு, ஏரில முங்கிப் பூடுச்சு. இன்னும் காரியம்கூட முடியல. உள்ள வெளக்கு எரிஞ்சிக்கினு இருந்திருக்குமே, பாக்கலியா?"

பார்த்தாள். கூடத்து மூலையில் தரையில் விளக்கு, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். சாமிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். வாசலில் கோலம் இல்லாததையும்கூடப் பார்த்தாள். ஊருக்கு வெளியே வந்த சந்தோஷத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

"கிளம்பறப்போ ஒண்ணும் சொல்லலியே?" என்றார் சாம்சன். "சொல்லாம கொள்ளாமதான வந்தீங்க? சொல்லும்மா."

திலகவதி மடியில் கிடந்த மகளைக் குனிந்து பார்த்தாள்.

போறேன் என்று சொல்லக்கூடாது, யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்லவேண்டும். பேச்சு வந்த நாள் முதல் மகளுக்கு அவள் ஊட்டி வளர்த்த பாடம். துக்க வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லித்தரவில்லை. பச்சைக் குழந்தைக்கு அதைச் சொல்வானேன் என்று விட்டிருந்தாள். அந்த வீட்டு வாசலில் அவளே மகளின் முதுகைத் தட்டி, "சொல்லிட்டு வா" என்றாள். தன்ஷிகா கையை ஆட்டி, "ஆன்ட்டி, போய்ட்டு வரேன்" என்றாள். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் தலையைத் தூக்கி, "வருவியா?" என்றாள். "வரேன்." அந்த முகத்தில் உண்டான வெளிச்சத்தைப் பார்த்துத் திலகவதிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிரித்துக்கொண்டே, "வருவா, வருவா" என்று அவளும் சேர்த்துச் சொன்னாள்.

"சொல்லிட்டா அண்ணா" என்றாள். "நானும் சொன்னேன்."

சாம்சன் சிலுவை போட்டுக்கொண்டார். வண்டியை எடுத்தார். வேகம். முள். மணல். படகு. திரும்ப முள். போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. முருகா, முருகா என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. எந்தத் தெய்வத்தைக் கூப்பிட்டால் என்ன, வண்டி வளைந்து போய் நின்ற இடம் கங்கம்மாவின் வாசல். எஞ்சின் தானாக அணைந்தது. முன்சீட்டு பெல்ட் 'க்ளிக்' என்று கழன்று, மெதுவாகச் சுருண்டு, தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

மடியில் தன்ஷிகா தூங்கிக்கொண்டிருந்தாள். திலகவதி அவள் தலையைத் தூக்கி சீட்டில் வைத்தாள். "நான் போறேன். வரேன்னு நானுந்தான் சொன்னேன். நான் போய்ப் பேசறேன். நீங்க கதவ லாக் பண்ணிக்குங்க. இவளை மட்டும் விட்ராதீங்க அண்ணா, உங்க காலைப் புடிச்சிக் கேக்கறேன்."

வீட்டுக்குள் எண்ணெய்த் திரி கருகும் வாடை. அதனடியில் ஈர மண் வாடை. வெளியே அவ்வளவு காற்று வீசியும் உள்ளே ஒரு இலைச் சத்தம் இல்லை. கங்கம்மா சுவரில் சாய்ந்து, அதே இடத்தில், அதே போல் உட்கார்ந்திருந்தாள். திலகவதி அவள் காலடியில் விழுந்தாள்.

"தெரியாம சொல்லிட்டோம் அக்கா. ஒத்தப் புள்ள. என்னை வச்சிக்கோங்க. நான் இருக்கேன் உங்க கூட. அவளை விட்ருங்க."

கங்கம்மா அவளைப் பார்க்கவில்லை. விளக்குப் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "சொன்ன புள்ள வந்துட்டா."

விளக்கருகில் தன்ஷிகா உட்கார்ந்திருந்தாள். அதே மஞ்சள் கவுன். அதே இரட்டைச் சடை. கையில் அந்த டம்ளர்.

பிள்ளை எப்போது இறங்கி வந்தது? எப்படி வந்தது? யோசிக்க நேரமில்லை. திலகவதி டம்ளரைத் தட்டிவிட்டு, அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள். கங்கம்மா தடுக்கவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. வாசலைத் தாண்டி, மணலைத் தாண்டி, வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணா! எடுங்க வண்டிய!"

சாம்சன் அவளைப் பார்த்தார். அவள் இடுப்பைப் பார்த்தார். பிறகு பின்சீட்டைப் பார்த்தார்.

பின்சீட்டில் தன்ஷிகா எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"கதவு தொறக்கவே இல்லம்மா" என்றார் சாம்சன். "ஏசு சத்தியமா தொறக்கல."

சீட்டில் இருந்தவள் இடுப்பில் இருந்தவளைப் பார்த்தாள். பார்த்ததும் வீறிட்டு அழ ஆரம்பித்தாள். "அம்மா! யாரும்மா அது? பயமா இருக்குமா!" இடுப்பில் இருந்தவள் வாயே திறக்கவில்லை. விறைத்துப்போய் இருந்தாள்.

திலகவதி இரண்டு பேரையும் உள்ளே ஏற்றினாள். தாய்க்கு வேறென்ன செய்யத் தெரியும்? இரண்டுமே மகளின் முகம், மகளின் எண்ணெய் வாசனை, வலது காதுக்குப் பின்னால் அதே மச்சம். "ஓட்டுங்க, ஓட்டுங்க" என்றாள். சாவி திரும்பியது. எஞ்சின் எழவில்லை. மறுபடி. எழவில்லை. கரைப் பக்கமிருந்து தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. கல்லிடுக்குகளில் சலசல என்று புகுந்து நிரம்பும் சத்தம்.

"வரேன்னு சொன்ன வாக்கு இருக்கே, ரெண்டும் வராதும்மா" என்றார் சாம்சன். அவரும் அழுதுகொண்டிருந்தார். "ஒண்ணு இங்க நிக்கணும். சீக்கிரம். தண்ணி ஏறுது."

"அப்பா உன்னை இன்னானு கூப்புடுவாரு?" என்று கேட்டாள் திலகவதி.

"குருவி" என்றாள் அழுதவள், தேம்பலுக்கு நடுவே. மற்றவளின் உதடுகளும் அதே சொல்லுக்குக் குவிந்தன. சத்தம் வரவில்லை.

இரண்டு பேர் கையையும் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் சூடு. அழுதவள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், மூச்சு முட்டும்படி. கண்ணீரில் தோள் நனைந்தது. மற்றவள் ஒட்டாமல், கண் இமைக்காமல், மரம்போல் உட்கார்ந்திருந்தாள்.

"உசிரு இருக்கறதுதாம்மா அழுவும்" என்றார் சாம்சன்.

அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. போதும் என்று ஆக்கிக்கொண்டாள். பேசாதவளைத் தூக்கிக் கதவுக்கு வெளியே மணலில் நிறுத்தினாள். அந்தச் சின்ன விரல்கள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். தான் செய்கிற காரியத்தைப் பார்க்காமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாள். கால் மணலில் பட்டதும் எஞ்சின் உறுமியது. அழுதவளையும் இதேபோல் இறக்கிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

படகு இப்போது எங்கும் வரவில்லை. கரை நேராக, ஒழுங்காக எதிரே வந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் விளிம்பு தட்டியிருந்தது, வண்டி அகலத்துக்கு மட்டும் மண் மிச்சமிருந்தது. சக்கரம் தண்ணீரைக் கிழிக்கும் சத்தம். மடியில் மகள். உயிரோடு மகள். திலகவதி அவள் உச்சந்தலையில் முத்தமிட்டுக்கொண்டே இருந்தாள்.

பாதிக் கரையில் அழுகை நின்றது.

தேம்பிக் குறைந்து நிற்கவில்லை. குழாயை மூடியதுபோல் நின்றது.

அப்போதுதான் நினைவு வந்தது. போன வருடம், கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில், தெருநாய் தன்ஷிகாவின் மேல் பாய்ந்த அன்று. பிள்ளை அழவில்லை. கத்தவில்லை. அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை. மரம்போல் நின்றாள். நாயைத் துரத்தி, தூக்கிக்கொண்டு வந்து, மடியில் போட்டு எவ்வளவு உலுக்கியும் குரல் வரவில்லை. அவளுக்கு உயிர் நடுங்கினால் அப்படித்தான். பெற்றவளுக்கு அது தெரியும். தெரிந்திருக்க வேண்டும்.

"திருப்புங்க! அண்ணா, வண்டியத் திருப்புங்க!"

"எங்கம்மா திருப்பறது? தண்ணிம்மா!"

கதவுப் பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. இன்னும் இழுத்தாள். மடியில் இருந்தது தன் சின்னக் கையை அவள் கைமேல் வைத்து, மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டது. திலகவதி முறுக்கிக்கொண்டு திரும்பிப் பின்கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள்.

தீவின் விளிம்பில், முழங்கால் தண்ணீரில், மஞ்சள் கவுன்.

அவள் ஓடிவரவில்லை. கையை நீட்டவில்லை. ஏறுகிற தண்ணீரில், அம்மா போகும் திசையைப் பார்த்து, குரல் வராத வாயை அகலத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள்.