சுவருக்குக் கஞ்சி

காலையில் எழுந்ததும் முதலில் சுவருக்குக் கஞ்சி ஊற்ற வேண்டும். அப்புறம்தான் எங்களுக்குக் காபி. மறந்துவிட்டால் சுவர் வெளிறி ஓரங்களில் உதிர ஆரம்பித்துவிடும். எங்கள் எர்ணாவூர்க் குடியிருப்பு முழுக்கப் புரதக்கல். ஆய்வகத்தில் வடிவமைத்த புரதம், தானாகக் கோத்துக்கொண்டு வளரும். விரிசல் விட்டால் பூச, கட்டிக்கொடுத்த கம்பெனியே ஒட்டுப்பசை தரும்.

அந்தப் பசையைக் கைக்காயத்துக்கும் தடவுவது எங்கள் குடியிருப்புப் பழக்கம். கூடாது என்று டப்பாவில் போட்டிருக்கிறது, யார் கேட்டார்கள்? காய் நறுக்கும்போது வெட்டிக்கொண்ட என் விரலும் அதில்தான் ஒட்டியது. தழும்பு இன்னும் பசை நிறத்திலேயே இருந்தது.

என் வீட்டுக்காரர் தணிகாசலத்தின் இதய வால்வும் அதே கம்பெனி இலவச முகாமில் வைத்தது. சும்மா கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான் என்று அன்றே கேட்டேன்.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம், வேதா" என்று சிரித்தார். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி வாயில் போட்டுக்கொள்கிற மனுஷர்.

போன வாரம் கம்பெனி அதிகாரி ஜெபராஜ் வந்தார். கட்டடத்தைக் கரைத்துவிட்டு இன்னும் உயரமாக வளர்க்கப்போகிறார்களாம். கடப்பாரை வேண்டாம், தூசி கிடையாது. கரைப்பானைத் தெளித்தால் சுவர் நீராகி ஓடிவிடும்.

"மனுஷங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்று கண்ணாடிக் குப்பியைத் திறந்து, தன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார். அநியாயத்துக்கு மரியாதை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

குப்பியை வாங்கி என் தழும்பில் ஒரு சொட்டு விட்டேன். தழும்பு இளகியது. வெட்டு வாய் திறந்து ரத்தம் கொட்டியது.

"ஐயையோ, என்னம்மா இது?"

"சுவர்ப்பசை சார். அத விடுங்க. இவரு நெஞ்சுல இருக்கிற வால்வு எதுல செஞ்சது?"

அவர் முகம் செத்துவிட்டது. "அதே புரதம்தாம்மா. மருந்துப் பிரிவு வேற, நாங்க வேற... நாங்க பேசிக்கிறதே இல்ல. மேலிடத்துல சொல்றேன், கரைக்க மாட்டாங்க." போன அவசரத்தில் குப்பியை மேசையிலேயே விட்டுவிட்டார்.

சொன்னபடி வேலையை நிறுத்திவிட்டார்கள். அப்பாடா, என் மனுஷர் பிழைத்தார் என்று எனக்கு உயிர் வந்தது. ஆனால் குப்பியைக் கேட்டு யாரும் வரவில்லை. கொட்டவும் வழியில்லை, கழிவுக்குழாயும் புரதக்கல்தான். துணியில் சுற்றி ஒளித்து வைத்தேன்.

"எங்க வெச்சிருக்க?" என்றார் தணிகாசலம்.

"பத்திரமாத்தான் இருக்கு."

"எங்கன்னு சொல்லேன்."

சொல்லவில்லை. பேச்சுவாக்கில் யாரிடமாவது உளறிவிடுவார். வேறு காரணம் ஏதும் இல்லை, சத்தியமாக.

இன்று காலை காபி கொடுத்தேன். குடிக்காமல் முகர்ந்து பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

டம்ளரைப் பிடுங்கி, ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் கை நீளவே இல்லை. அதில் கரைப்பானே கலந்திருந்தாலும், நெஞ்சில் புரத வால்வு இல்லாத எனக்கு ஒன்றும் ஆகாது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.